காவல் நிலையத்துக்குப் போன உரிமத் துப்பாக்கி: திரும்பி வருவதும் வராமல் போவதும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து நீதிமன்றங்களில் வழக்கு நடத்துபவன் என்பதால், உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகளும் தோட்டக்காரர்களும் முன்னாள் ராணுவத்தினரும் என்னைத் தேடி வருவது வழக்கம். பயிர்ப் பாதுகாப்புக்கென ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ வைத்திருப்பவர்களே அவர்களில் மிகுதி. “துப்பாக்கியைப் போலீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், எப்படித் திரும்ப வாங்குவது?” என்று கேட்பார்கள். எந்தச் சட்டப் பிரிவின்படி வாங்கினார்கள், அதற்குக் கையில் என்ன தாள் கொடுத்தார்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், பெரும்பாலோர் விழிப்பார்கள். ஒரு துப்பாக்கி வீடு திரும்புமா, கிடங்கிலேயே துருப்பிடிக்குமா, அழிக்கப்படுமா என்பதை அந்தத் தாள்தான் தீர்மானிக்கிறது.

ஊர்ப் பேச்சில் எல்லாமே “போலீஸ் எடுத்துக்கொண்டு போனது”தான். சட்டத்தின் பார்வையில் அவை வெவ்வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி உரிமையாளரே கொண்டுபோய்க் கொடுப்பது ஒப்படைப்பு. குற்ற வழக்கில் புலனாய்வு அதிகாரி மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் கைப்பற்றல் குறிப்பு) எழுதி எடுத்துச் செல்வது கைப்பற்றல். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவில் இருந்த இந்த அதிகாரம், 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 106-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒப்படைத்த துப்பாக்கி குறித்து முடிவெடுப்பவர் மாவட்ட ஆட்சியர், மாநகரமானால் காவல் ஆணையர். கைப்பற்றிய துப்பாக்கி குறித்து முடிவெடுப்பது நீதிமன்றம். இது தெரியாமல் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டியவர் நீதிமன்றத்துக்கும், நீதிமன்றத்துக்கு வர வேண்டியவர் காவல் நிலையத்துக்குமாக மாதக்கணக்கில் அலைவதை அடிக்கடி பார்க்கிறேன்.

தேர்தல் கால ஒப்படைப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமதாரர் ஒவ்வொருவரையும் பற்றிக் குழு அமைத்து ஆய்வு செய்து, பிணையில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில் தொடர்புடையவர் போன்றோரிடமிருந்து ஆயுதத்தைப் பெற வேண்டும் என்பதே தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கி சுடும் போட்டியாளர்களுக்கும் விலக்கு உண்டு. நடைமுறையில் நிலைய எழுத்தர் எல்லா உரிமதாரர்களுக்கும் ஒரே மாதிரி தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். ஒட்டுமொத்தமாக அப்படிக் கேட்பது சரியல்ல என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை கண்டித்திருக்கின்றன. ஆனாலும் பயிர்ப் பாதுகாப்புத் தேவை மிக அவசரமாக இருந்தாலொழிய, இதற்காக வழக்குப் போடச் சொல்லி நான் யாரையும் தூண்டுவதில்லை. முடிவுகள் அறிவிக்கப்பட்டு ஒரு வாரம் கழிந்ததும் துப்பாக்கியைத் திருப்பித் தர வேண்டும். அன்றே போய்க் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

ஒப்படைக்கும்போது வாங்கும் ரசீதில் கவனம் தேவை. “ஒரு துப்பாக்கி பெற்றுக்கொள்ளப்பட்டது” என்று ஒற்றை வரியில் எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தயாரிப்பு நிறுவனம், துப்பாக்கியின் எண், துளை அளவு, உரிம எண், தனி அடையாள எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, ஒப்படைத்த காரணம், விதிகளின்படி எந்த நாள்வரை அது அங்கே இருக்கலாம் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தோட்டாவை நீக்கி, குழலுக்கு எண்ணெய் விட்டு, எண் தெளிவாகத் தெரியும்படி புகைப்படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். நிலையங்களின் பொருள் அறை பெரும்பாலும் காற்றோட்டம் இல்லாத இடம். மரக்கட்டைப் பகுதியைக் கரையான் தின்றும், அடையாள அட்டை உதிர்ந்து எது யாருடையது என்று தெரியாமலும் போன துப்பாக்கிகளை நான் கண்டிருக்கிறேன். அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் காவலர் சாராய வழக்குக் கேன்களையும் திருட்டு வண்டிகளையும் சேர்த்தே காக்க வேண்டியிருப்பதால், அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் ஒப்படைக்கவும் 21-ஆம் பிரிவு இடம் தருகிறது. அவர் கட்டணம் கேட்பார். நீண்ட காலத்துக்கு என்றால் அந்தக் கட்டணத்தைக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

குடும்பங்கள் அதிகம் சிக்கிக்கொள்வது உரிமதாரரின் மரணத்துக்குப் பிறகுதான். அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆன பின்பும் பீரோவில் துப்பாக்கி இருக்கும். உரிமமும் அதே பீரோவில் இருக்கும். “லைசென்ஸ் இருக்கிறதே” என்பார்கள். உரிமம் இறந்தவருடைய பெயரில் இருக்கிறது. அவர் இறந்ததும் அந்த வீட்டில் அதை வைத்திருக்கும் உரிமை எவருக்கும் இல்லை. தாமதமின்றி ஒப்படைக்காவிட்டால் வைத்திருப்பவர்மீது ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகலாம், சிறைத் தண்டனைக்குரிய குற்றம் அது. கணவரின் நினைவாகத் துப்பாக்கியை வைத்திருந்த ஒரு முதிய அம்மாவிடம் இதைச் சொன்னபோது, காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கேயே தன்னைப் பிடித்துக்கொள்வார்களோ என்றுதான் அவர் பயந்தார். இறப்புச் சான்றும் உரிமமும் இணைத்து, தாமதத்துக்கான காரணத்தை எழுதி, தாமாக முன்வந்து ஒப்படைப்பதாக மனுக் கொடுத்தால் பொதுவாக அதிகாரிகள் அதை ஒப்படைப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வேறு எதற்காகவோ சோதனைக்கு வந்த இடத்தில் அவர்களே கண்டெடுத்தால் அதே துப்பாக்கி குற்றப்பொருளாகிவிடும்.

ஒப்படைத்த பின் வாரிசுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. தன் பெயரில் உரிமம் பெற்று அதைத் திரும்ப வாங்கலாம். அல்லது உரிமம் உள்ள வேறொருவருக்கோ வியாபாரிக்கோ விற்கச் செய்து பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். இரண்டுமே விதிகள் குறிக்கும் காலக்கெடுவுக்குள் நடக்க வேண்டும். அது கடந்தால் ஆட்சியர் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புவார். கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் காரணம் காட்டாவிட்டால் துப்பாக்கி அரசுடைமையாகிவிடும். அந்த அறிவிப்பு பெரும்பாலும் இறந்தவரின் பழைய முகவரிக்குப் போகும். பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ துபாயிலோ இருப்பார்கள். ஆகவே ஒப்படைக்கும் மனுவிலேயே வாரிசின் இப்போதைய முகவரியையும் கைபேசி எண்ணையும் எழுதுங்கள். வாழும்போதே ஏற்பாடு செய்ய விரும்புபவருக்கு ஒரு வழி உண்டு: 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, அவர் 25 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசின் பெயரில் உரிமம் கோரலாம். மலைத்தோட்டக் குடும்பங்களில்கூட இதை அறிந்தவர்கள் குறைவு.

ஒரு குடும்பத்தில் பல துப்பாக்கிகள் இருந்தால் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டத் திருத்தத்தையும் மறக்கக் கூடாது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை அது இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்ததற்கும் அதே வரம்புதான். துப்பாக்கி பழையது, துருப்பிடித்தது, அலங்காரத்துக்குத்தானே என்று சிலர் வாதிடுவார்கள். பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே இயலாத, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதத்துக்குத்தான் 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆசாரி ஒருவர் ஒரே நாளில் சரிசெய்துவிடக்கூடிய துப்பாக்கி அந்த விலக்குக்குள் வராது.

இனி வழக்கில் கைப்பற்றப்படும் துப்பாக்கிக்கு வருவோம். வரப்புத் தகராறில் மிரட்டியது, காட்டுப்பன்றியைச் சுட்டது, கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டது என்று காரணங்கள் பலவாக இருக்கும். சம்பவ இடத்தில் மகஜர் எழுதப்படும்; பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவின்படி கைப்பற்றல் ஒலி, ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும். பின்னர் தமிழ்நாட்டில் படிவம் 95 என்ற சொத்துப் படிவத்தின் வழியாகப் பொருள் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். அங்கிருந்து துப்பாக்கியும் வெற்றுத் தோட்டாக்களும் முத்திரையிட்டுத் தடய அறிவியல் துறைக்குப் போகும். இரட்டைக்குழல் போன்ற வழுவழுப்பான குழல் உள்ள துப்பாக்கியில் ரவையின்மீது குழலின் கோடுகள் பதிவதில்லை என்பதால், தோட்டாவின் அடிப்பகுதியில் சுடுமுள் (தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஊசி) பதித்த தடத்தைத்தான் நிபுணர்கள் ஒப்பிடுவார்கள். ஆகவே மகஜரில் வெற்றுத் தோட்டாக்கள் எத்தனை, எங்கே எடுக்கப்பட்டன என்பது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நல்லது, அரசுத் தரப்புக்கும் நல்லது.

வழக்கு முடியும்வரை துப்பாக்கி கிடங்கிலேயே கிடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குஜராத்தில் காவலர்களே கைப்பற்றிய பொருள்களைக் கையாடியதாக எழுந்த வழக்கில், சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் தீர்ப்பில், 2002-இல் உச்ச நீதிமன்றம் பொருள்களைத் தேவைக்கு மேல் காவல் நிலையத்தில் தேக்கி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. பி.என்.எஸ்.எஸ். 497-ஆம் பிரிவு இதற்குக் காலக்கெடுவே வைத்திருக்கிறது: பொருள் முன்வைக்கப்பட்ட 14 நாளுக்குள் அதன் விவரப் பட்டியல், புகைப்படம், அதன்பின் 30 நாளுக்குள் என்ன செய்வது என்ற உத்தரவு. வாகனங்களுக்கு இதைப் பயன்படுத்தும் வழக்குரைஞர்கள் துப்பாக்கிக்கு ஏனோ தயங்குகிறார்கள். தடய அறிக்கை வந்த பிறகு, உரிமம் உயிரோடு இருக்கிறது என்று காட்டினால், விற்க மாட்டேன், மாற்றம் செய்ய மாட்டேன், கேட்கும்போது கொண்டுவருவேன் என்ற பிணைமுறிமீது துப்பாக்கியை இடைக்காலமாகத் திருப்பித் தரக் கோரலாம். எல்லா வழக்கிலும் கிடைக்காது. கொலை வழக்கில் சான்றுப் பொருளாக இருக்கும் துப்பாக்கியை எந்த நீதிபதியும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார், அனுப்பவும் கூடாது.

இங்கே உரிமம் என்ற தனிக் கயிறு குறுக்கே வரும். வழக்குப் பதிவானதும் காவல் துறையின் அறிக்கையின் பேரில் ஆயுதச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்கீழ் உரிமம் நிறுத்திவைக்கப்படும் அல்லது ரத்தாகும். நீதிமன்றம் துப்பாக்கியைத் தரச் சொன்னாலும், உரிமம் இல்லாதவரிடம் அதைக் கொடுக்க முடியாது. வழக்கு நிலுவையில் இருப்பது ஒன்றே ரத்துக்குப் போதாது, பொது அமைதிக்கு ஆபத்து என்பதற்கான காரணம் உத்தரவில் இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. அந்த உத்தரவை எதிர்த்து 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. அதைத் தனியாக, உடனே செய்ய வேண்டும். விடுதலைத் தீர்ப்பு வந்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தவர்களுடைய உரிமம் புதுப்பிக்கப்படாமலே காலாவதியாகியிருக்கிறது. நிறுத்திவைத்த காலத்தில் ஒப்படைத்த துப்பாக்கியை மட்டும் அரசுடைமை ஆக்க முடியாது என்ற பாதுகாப்பு 21-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ரத்தானவருக்கு அது கிடையாது.

தீர்ப்பின் கடைசிப் பத்தியை இளம் வழக்குரைஞர்கள் படிப்பதில்லை. விடுதலை என்ற சொல்லைக் கண்டதும் கட்சிக்காரரோடு வெளியே வந்துவிடுகிறார்கள். அந்தப் பத்தியில்தான் சான்றுப் பொருள் ஒன்று முதல் ஐந்து வரை மேல்முறையீட்டுக் காலத்துக்குப் பின் அழிக்கப்பட வேண்டும் என்றிருக்கும். இரத்தக் கறை படிந்த சட்டையோடு துப்பாக்கியும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும். 32-ஆம் பிரிவின் பறிமுதல், ஆயுதச் சட்டக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கே பொருந்தும். தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானால் பறிமுதலும் செல்லாது. விடுதலையானவரின் துப்பாக்கியைத் திருப்பித் தரக் கோரும் மனுவை இறுதி வாதத்தின்போதே கொடுத்துவிட வேண்டும். தவறிவிட்டால், பொருள்கள் குறித்த உத்தரவை மட்டும் எதிர்த்தும் மேல்முறையீடு செய்யலாம்.

அரசுடைமையான நல்ல துப்பாக்கியை ஏலம் விடுவார்களா என்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பறிமுதல் துப்பாக்கிகளை உரிமம் பெற்ற வியாபாரிகளுக்கு ஏலம் விடச் சட்டமே வழி செய்திருக்கிறது. காவல் துறை பிடித்த ஆயுதம் மறுபடி தெருவுக்கு வருகிறது என்ற கண்டனமும் அங்கே ஓயாமல் எழுகிறது. நம் மாவட்டங்களில் அந்த எதிர்பார்ப்போடு காத்திருப்பது வீண்.

அரசுடைமை உத்தரவே வந்துவிட்டாலும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. 21-ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவு, அரசுடைமையான பொருளையோ அதை விற்ற பணத்தையோ, முழுமையாகவோ பகுதியாகவோ, ஒப்படைத்தவருக்கோ அவருடைய வாரிசுக்கோ எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தர அரசுக்கு அதிகாரம் தருகிறது. அறிவிப்பு உரிய முகவரிக்கு வரவில்லை என்பதைக் காட்ட முடிந்தவர்கள் இந்த மனுவைக் கொடுத்துப் பார்க்கலாம். மனு முடிவாகும்வரை துப்பாக்கியை அழிக்க வேண்டாம் என்ற கோரிக்கையை அதே நாளில் ஆட்சியருக்கும் ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளருக்கும் தனித்தனியே எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.