அடுத்த சொல் எங்கிருந்து வருகிறது?

“ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் ‘டு பி, ஆர் நாட் டு பி’ காதில் விழுந்ததுமே மிச்ச வரி தானாக வாயில் வந்துவிடுகிறது, அதே பேச்சின் நடுவிலிருந்து ஓர் அடியைக் கேட்டால் மட்டும் முதலிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறதே, ஏன்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே மூளை அடுத்த சொல்லுக்கு ஆயத்தமாகிவிடுகிறது. 1980இல் அமெரிக்காவில் மூளை ஆய்வாளர்கள் மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும், தலையில் மின்முனைகள் பொருத்தப்பட்டவர்களுக்கு வாக்கியங்களைச் சொல் சொல்லாகக் காட்டினார்கள். சூடான ரொட்டியில் எதைத் தடவினான் என்பதற்கு விடையாக வாக்கியத்தின் இறுதியில் ‘காலுறை’ வந்தபோது, ஏறத்தாழ 400 மில்லி விநாடியில் ஓர் எதிர்மின் அலை எழுந்தது. எதிர்பார்த்த சொல் வந்தால் அந்த அலை சிறியதாகவே இருக்கும்.

என்னைக் கவர்ந்தது இதற்கு அடுத்த கட்டம். ஹாம்லெட்டின் இந்தத் தனிமொழியையும், அமெரிக்க அரசியல் சாசனத்தின் முகப்புரையையும், விவிலியத்தின் 23ஆம் சங்கீதத்தையும் மக்கள் எவ்வாறு நினைவுகூர்கிறார்கள் என்று உளவியலாளர் டேவிட் ரூபின் ஆராய்ந்து 1977இல் வெளியிட்டார். நினைவு தொடக்கத்திலிருந்து வரிசையாக ஓடியது. அறுந்தால், சொல்பவர் மூச்சு விடும் இடத்தில் அறுந்தது. அதாவது, பொருளைக் கொண்டு நாம் அந்த வரியைத் தேடுவதில்லை; ஒரு சொற்றொடர் முடியும் ஓசையே அடுத்ததை எழுப்புகிறது. செய்யுளில் சந்தமும் துணை நிற்கிறது: ஐந்து அழுத்தங்கள் கொண்ட அடியில் மீதமிருக்கும் இடத்துக்குப் பொருந்தக்கூடிய சொற்கள் மிகச் சிலவே என்பதால், தவறான சொல் நுழைவதற்கு வாய்ப்பு குறைகிறது. இப்படியோர் ஆய்வுக்குக் காகிதமும் பேனாவும் போதும் என்றாலும், நிதி வழங்குவோரின் கண்ணுக்கு மூளையைப் படம் பிடிக்கும் இயந்திரங்களே முதலில் தெரிகின்றன என்பது என் வருத்தம்.

ஒரு சொற்றொடரின் முடிவே அடுத்ததை எழுப்பும் என்பதை ஷேக்ஸ்பியர் காலத்து நாடகக் குழுக்கள் அனுபவத்தில் அறிந்திருந்தன. நடிகருக்கு முழு நாடகமும் தரப்படுவதில்லை. அவருடைய வசனமும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் மற்றவர் பேசி முடிக்கும் கடைசிச் சில சொற்களும் மட்டுமே தரப்படும். அக்காலத்து நடிகர் எட்வர்ட் ஆலினுக்குத் தரப்பட்ட அத்தகைய பிரதி ஒன்று லண்டன் டல்லிச் கல்லூரியில் இன்னும் இருக்கிறது.

1603இல் அச்சான ஹாம்லெட்டின் முதல் பதிப்பில் ‘டு பி, ஆர் நாட் டு பி’ என்ற அந்தப் புகழ்பெற்ற வரி, நாம் அறிந்த ‘தட் இஸ் தி க்வெஸ்ச்சன்’ என்பதற்குப் பதிலாக ‘அய், தேர்ஸ் தி பாயிண்ட்’ என்று முடிகிறது. நடித்த ஒருவரின் நினைவிலிருந்து திரட்டப்பட்ட பதிப்பு அது என்று பல அறிஞர்கள் கருதினார்கள், மறுப்பவர்களும் உண்டு. மார்செல்லஸ் என்ற சிறு பாத்திரத்தின் வசனங்கள் மட்டும் பிந்தைய பதிப்போடு பெரும்பாலும் ஒத்துப்போவதால், அந்த வேடத்தைப் போட்டவர்மீதே சந்தேகம் விழுந்தது. தன் வசனத்தையும் அதற்கு முந்தைய சில சொற்களையும் மட்டுமே மனப்பாடம் செய்தவருக்கு, பிறர் பேசியவை மேடையில் காதில் விழுந்த அளவுக்குத்தானே நினைவில் தங்கியிருக்கும்!