சேமச்செல்: வான்கோழித் தசையில் செயற்கைக்கோள் எதற்கு?

'பொரித்த முதல் வாரத்தில் வான்கோழிக் குஞ்சின் செயற்கைக்கோள் செல்கள் வேகமாகப் பெருகும்.' இப்படி எழுதினால் படிப்பவருக்கு என்னதான் விளங்கும்? தமிழ் மொழிபெயர்ப்புகளில் திரும்பத் திரும்ப இதையே பார்க்கிறேன்.

ஆங்கிலத்தில் அது 'சாட்டிலைட் செல்'. சாட்டிலைட்டுக்கு லத்தீனில் மெய்க்காவலன், கூடவே இருக்கும் ஏவலாள் என்று பொருள். வியாழனின் நிலவுகளுக்கு வானியலாளர் கெப்ளர் அதை எடுத்துக்கொண்டார். விண்கலங்களுக்குப் போனது வெகு பின்னால். 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ என்ற ஆய்வாளர் தவளையின் கால் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, தசையிழையின் விளிம்பில் ஒட்டிக் கிடந்த செல்களுக்கு இந்தப் பெயரை வைத்தார். அவை எதையும் சுற்றுவதில்லை. இழையின் சவ்வுக்கும் அதைப் போர்த்திய அடிப்படலத்துக்கும் நடுவே கிடக்கின்றன.

வான்கோழிக் குஞ்சு 28 நாள் அடைகாத்து வெளிவரும்போதே தசையிழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய முடிவாகிவிடும். அப்புறம் இழைகள் பருக்க வேண்டியதுதான். பருக்கப் புதிய உட்கருக்கள் வேண்டும். இழைக்குள் இருக்கும் உட்கருக்கள் பிரியாது. விளிம்புச் செல்கள்தான் பிரிந்து பெருகி, இழையோடு கலந்து உட்கருவைக் கொடுக்கின்றன. இந்த வேலை மும்முரமாக நடப்பது பொரித்த முதல் சில நாள்களில். அந்த நாள்களில் தீனியும் தண்ணீரும் தாமதமானால் பெருக்கம் குறையும். நெஞ்சுத்தசையில் அந்தக் குறை பின்னாலும் தெரியும்.

இவ்வளவு முக்கியமான இடத்தில் 'செயற்கை' என்ற சொல்லைக் கொண்டுவந்து வைப்பது பெரிய கேடு. கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் வளர்க்கிறார்கள் என்று நம் ஊரில் பாதிப் பேர் ஏற்கெனவே நம்புகிறார்கள். குஞ்சின் உடம்பிலேயே பிறந்த செல்லுக்கு இப்படிப் பெயரிட்டால், வெளியிலிருந்து ஏற்றிய ஏதோ ஒன்று என்றுதானே நினைப்பார்கள்? 'துணைக்கோள் செல்' என்று திருத்துகிறவர்கள் செயற்கையை விட்டார்கள், கோளை விடவில்லை. சரி, 'துணைச்செல்' போதுமே என்றால், தாவரவியல் பாடத்தில் உணவு கடத்தும் சல்லடைக்குழாயை ஒட்டிய செல்லுக்கு அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது. 'ஒட்டுச்செல்' ஒட்டுண்ணியை நினைவூட்டுகிறது. இவற்றைவிட 'சாட்டிலைட் செல்' என்று ஒலிபெயர்த்து எழுதுவதே மேல். புரியாவிட்டாலும் தவறாகப் புரியாது.

என் தேர்வு 'சேமச்செல்'. புறநானூறு 102-இல் ஔவையார், உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைக்கும் 'சேம அச்சு' பற்றிப் பாடுகிறார். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் உதவ, கூடவே வரும் மாற்று அச்சு அது. பக்கத்திலேயே ஒட்டிக் கிடந்து, தசை வளரவும் காயம் ஆறவும் கைகொடுக்கும் செல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் பொருளைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். அந்தச் செல் என்ன வேலை செய்கிறது என்று ஒரு பத்தி படித்திருந்தால் கோள் பக்கமே போயிருக்க மாட்டார்கள்.

ஆங்கிலத்தில் இதே சாட்டிலைட் செல் என்ற பெயர் நரம்பு முடிச்சில் நரம்புச் செல்லைச் சூழ்ந்திருக்கும் செல்களுக்கும் உண்டு. அவற்றின் வேலை வேறு. அங்கே 'சூழ்செல்' என்று தனியாகவே வைத்துக்கொள்ளலாம்.