பயோமேக்னிஃபிகேஷன்: உருப்பெருக்கமா, செறிவேற்றமா?

ஏரி மீனில் பூச்சிமருந்து இருக்கிறது என்ற பேச்சு எழுந்தால், கூடவே 'பயோமேக்னிஃபிகேஷன்' என்ற சொல்லும் வந்துவிடும். ஒன்றை ஒன்று தின்னும் உயிர்களில் படிக்குப் படி நஞ்சின் விகிதம் ஏறிக்கொண்டே போவதற்குத்தான் அந்தப் பெயர். தமிழில் இதை 'உயிரியல் உருப்பெருக்கம்' என்று எழுதுகிறார்கள். 'உயிர்வழிப் பெருக்கம்' என்பதும் உண்டு. முதல் சொல் எனக்கு ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்ல, கலிஃபோர்னியாவில் உள்ள கிளியர் லேக் என்ற நன்னீர் ஏரிக்குப் போய்வர வேண்டும்.

அந்த ஏரியில் கொசு போன்ற ஒரு சிறு பூச்சி கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். கடிக்காது. ஆனாலும் மீன்பிடிக்க வருபவர்களுக்கும் கரையோரம் குடியிருப்பவர்களுக்கும் பெரிய தொல்லை. 1949-இல் அதை ஒழிக்க டிடிடி (DDD) என்ற மருந்தை ஏரியில் கலந்தார்கள். டிடிடி (DDT) என்ற பூச்சிக்கொல்லியின் நெருங்கிய உறவு அது; மீனுக்கு அவ்வளவாகக் கெடுதல் செய்யாது என்று நம்பித்தான் தேர்ந்தெடுத்தார்கள். அளவும் மிகக் குறைவு: 7 கோடிப் பங்கு தண்ணீருக்கு 1 பங்கு. பூச்சி திரும்பி வந்ததால் 1954-இல் 5 கோடிக்கு 1 என்று சற்றுக் கூட்டினார்கள். 1957-இல் மூன்றாவது முறை.

(மேலே இரண்டு இடத்திலும் 'டிடிடி' என்றே எழுதியிருக்கிறேன். தமிழ் எழுத்தில் இரண்டு மருந்தின் பெயரும் ஒன்றுபோலவே விழுகிறது. ஏரியில் கலந்ததை இனி வெறுமனே 'மருந்து' என்கிறேன். நம் விவசாயிகள் சொல்வதும் அப்படித்தானே, 'வயலுக்கு மருந்து அடிக்கணும்' என்று.)

1954-க்குப் பிந்தைய குளிர்காலத்தில் அந்த ஏரியின் முக்குளிப்பான்கள் நூற்றுக்கு மேல் செத்துக் கிடந்தன. நீண்ட கழுத்தும் கூரிய அலகும் கொண்ட, மீன் தின்னும் பறவைகள். தொற்றுநோய் எதுவும் தென்படவில்லை. பிறகு அவற்றின் கொழுப்பைச் சோதித்தபோது பத்து லட்சத்தில் 1,600 பங்கு மருந்து இருந்தது. தண்ணீரில் கலந்தது பத்து லட்சத்தில் 0.02 பங்குதான். எண்பதாயிரம் மடங்கு!

இடைப்பட்ட படிகளையும் பார்த்தார்கள். தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளில் 5 பங்கு. அவற்றைத் தின்ற மீன்களில் 40 முதல் 300 வரை. மற்ற மீன்களைத் தின்னும் ஒரு கெளுத்தியில் 2,500.

இப்படி ஏறியதற்குக் காரணம் கொழுப்பு. மீன்குழம்பில் மிளகாயின் சிவப்பு எண்ணெயில் ஏறி மேலே மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த மருந்தும் அதே குணம் உடையது: தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். எளிதில் சிதையவும் செய்யாது. ஒரு மீன் தன் எடையைப் போலப் பல மடங்கு இரையைத் தின்று வளர்கிறது. தின்றதில் பெரும்பகுதி எரிந்து ஆற்றலாகிறது, மிச்சம் கழிவாகப் போகிறது. மருந்து மட்டும் கொழுப்பில் தங்கிவிடுகிறது. வத்தக்குழம்பு சுண்டச் சுண்ட உப்பும் புளிப்பும் உறைப்பதைப் போலத்தான். நீர் போகும், உப்பு போகாது. உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் ஒருமுறை சுண்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'பயோஸ்' என்பது கிரேக்கத்தில் உயிர், வாழ்க்கை. மறுபாதி லத்தீன்: 'மாக்னுஸ்' என்றால் பெரிய, 'ஃபாக்கெரே' என்றால் செய்தல். ஆக, 'உயிர்கள் வழியாகப் பெரிதாக்குதல்'. 'மேக்னிஃபிகேஷன்' என்றதும் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பூதக்கண்ணாடி நினைவுக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து 'உருப்பெருக்கம்' இங்கே குடியேறிவிட்டது. கண்ணாடியில் உருவம் பெரிதாகத் தெரியும், பொருள் மாறாது. ஏரியில் நடந்தது நேர்மாறு: எந்த உருவமும் பெரிதாகவில்லை, உள்ளிருக்கும் நஞ்சின் விகிதம்தான் உயர்ந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை 'உருப்பெருக்கம்' என்று படித்தால் மீன் பெருத்துவிட்டது என்றுதானே நினைக்கும்?

'பெருக்கம்' மட்டும் போதுமா என்றால், அதிலும் குறை இருக்கிறது. நஞ்சு புதிதாக உற்பத்தியாகவில்லை. ஏரியில் போட்டதற்கு மேல் ஒரு துளிகூடக் கூடவில்லை. பரந்து கிடந்தது ஓரிடத்தில் செறிந்தது, அவ்வளவுதான். அதனால் நான் 'உயிர்வழிச் செறிவேற்றம்' என்று எழுதுகிறேன். விலையேற்றம் என்ற சொல் பழகிய காதுக்கு இது அந்நியமாகப் படாது. 'செறிவூட்டல்' வேண்டாம்; அரிசியில் இரும்புச்சத்து சேர்ப்பது போல வேண்டுமென்றே செய்வதற்கு அது பழகிவிட்டது.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் 'பயோஅக்யுமுலேஷன்'. ஒரே உயிரின் உடலில் நாள்பட நாள்பட நஞ்சு சேர்வது அது. 'உயிர்த்திரட்சி' என்பது அதற்குப் பொருத்தம். கிழட்டு மீனில் இளமீனைவிட அதிகம் இருப்பது திரட்சி. தின்ற மீனில் தின்னப்பட்டதைவிட அதிகம் இருப்பது செறிவேற்றம்.

சொல்லில் 'உயிர்வழி' என்பதை விடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கும் கிளியர் லேக்தான் காரணம். கடைசியாக மருந்து கலந்து சில காலத்திலேயே ஏரித் தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். மருந்தின் சுவடே இல்லை. அது உயிர்களின் உடலுக்குள் போய்விட்டிருந்தது. அதே ஏரியில் முன்பு ஆயிரம் இணைகள்போல் கூடு கட்டிய முக்குளிப்பான்கள் 1960-இல் முப்பது இணைகளாகக் குறைந்திருந்தன. கட்டிய கூடுகளிலும் குஞ்சுகளைக் காணவில்லை.