தண்ணீர் இறங்கும்போது சரியும் சுவர்

கோத்தகிரியில் சரிவில் வீடு கட்டியவர்களுக்குத் தடுப்புச்சுவர் ஒரு தீராத செலவு. எங்கள் கொல்லைச் சுவரில் தண்ணீர் வடியக் குழாய்த் துண்டுகள் வைக்கச் சொன்னார் கொத்தனார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். ஐப்பசி மழை கொட்டிய நான்கு நாளும் சுவர் அசையவில்லை. மழை விட்ட மறுநாள், நல்ல வெயிலில் சாய்ந்தது.

கொடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மாயாறும் பவானிசாகர் நீர்ப்பரப்பும் தெரியும். அந்த நீருக்கடியில்தான் டணாயக்கன்கோட்டை கிடக்கிறது. ஒய்சள மன்னர்களின் தண்டநாயக்கர், அதாவது படைத்தலைவர், பெயரைத் தாங்கிய ஊர். கோட்டை, கல்லால் கட்டிய மாதவராயப் பெருமாள் கோயில் எல்லாம் இருந்தன. ஒரு காலத்தில் நீலகிரிக்கான வரி நிர்வாகமே இங்கிருந்துதான் நடந்தது. 1800-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நாட்டைச் சுற்றி ஆய்வு செய்த பிரான்சிஸ் புக்கானன் இந்த ஊருக்கு வந்து, மலையிலும் கொஞ்சம் ஏறிப் பார்த்தார். 1955-இல் பவானிசாகர் அணை கட்டி முடிந்தது. ஊர் நீருக்குள் போனது. அணை நன்றாக வற்றும் ஆண்டுகளில் கோயில் வெளியே தலைகாட்டும்.

இத்தனை வருஷம் மூழ்கியும் கோயில் எப்படி நிற்கிறது? மூழ்கியே கிடப்பதில் பெரிய ஆபத்து இல்லை என்பதுதான் பதில். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு டன் என்ற கணக்கில் தண்ணீர் அழுத்தும். பத்து மீட்டர் ஆழத்தில் பத்து டன். ஆனால் சுவரின் இரண்டு பக்கமும் அதே அழுத்தம் இருந்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும்.

சிக்கல் நீர் இறங்கும்போது வருகிறது. பழைய கோட்டைச் சுவர்கள் பலவற்றில் வெளியே, உள்ளே இரண்டு முகமும் கல்; நடுவே மண்ணும் உடைகல்லும். அணையில் மட்டம் வேகமாக இறங்கினால் வெளியே தாங்கிநின்ற தண்ணீர் போய்விடும். களிமண்ணில் ஊறியதோ சீக்கிரம் வடியாது. உள்ளே மூன்று மீட்டர் நீர் தங்கிவிட்டால் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு மூன்று டன் வெளிநோக்கித் தள்ளும். எதிர்ப்பக்கம் தாங்க ஆளில்லை. எங்கள் கொல்லைச் சுவருக்கும் உள்ளே தேங்கிய தண்ணீர்தான் எமன்.

கோயில் தப்பிப்பது அதன் கட்டுமானத்தால். செதுக்கிய கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடுக்குகள் வழியே நீர் தானாக வந்துபோகும். கல்லின் எடையும் உராய்வும் பிடித்துக்கொள்ளும். மண்சாந்தில் கட்டிய வீட்டுச் சுவர் முதல் முழுக்கிலேயே கரையும். வருஷாவருஷம் ஏறி இறங்கும் நீர்மட்டத்தில் அலையும் தன் பங்குக்கு அரிக்கும். கற்களில் தெரியும் வரிவரியான கறைகள் அந்த மட்டங்களின் தடயம்.

வேடிக்கை என்னவென்றால், எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பவானிசாகர் அணையும் பெரும்பகுதி மண்ணால் ஆனது. அதற்கும் இதே பயம் உண்டு. அதனால்தான் மண் அணைகளில் நீரை அவசரமாக இறக்கப் பொறியாளர்கள் தயங்குவார்கள். நீர் தொடும் சரிவில் அலைக்காகக் கல்லும் பதிப்பார்கள்.

எங்கள் புதுச் சுவரில் இப்போது எட்டுக் குழாய்கள். மழை விட்டும் இரண்டு நாள் சொட்டும். ஒன்றில் மட்டும் கலங்கலாக வருகிறது. பின்னால் மண் போகிறது என்று அர்த்தம். தோண்டி ஜல்லி போட வேண்டும் என்கிறார் கொத்தனார். அப்பா இன்னும் யோசிக்கிறார்.