வேட்டை விலங்கா, வேட்டையில் பட்டதா?

முயல் எந்தக் காலத்தில் வேட்டையாடியது? பிரெஞ்சு ஓவியர் யூஜின் டெலக்ருவா 1826-27இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றின் கீழே, "வேட்டை விலங்குகளும் சிங்கி இறால்களும்" என்று ஒருவர் தமிழில் எழுதியிருந்தார். படத்தில் கிடப்பது செத்த முயல், செத்த ஃபெசன்ட் கோழி. பக்கத்தில் துப்பாக்கி, வேட்டைப்பை, ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணி. இதே "வேட்டை விலங்கு" கண்ணில் படுவது இது முதல் தடவை அல்ல, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இப்படி மொழிபெயர்க்கப்படும் ஆங்கிலச் சொல் 'கேம்' (game). பழைய ஆங்கிலத்தில் 'கமென்', களிப்பு என்று பொருள். பிரபுக்களுக்கு வேட்டையே களிப்பு. அதில் கொல்லப்படும் உயிர்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இது தெரியாமல் "விளையாட்டு ஓவியம்" என்று எழுதுபவர்களும் உண்டு. அவர்களை விட்டுவிடுவோம், அகராதியைப் புரட்டினால் திருந்திவிடுவார்கள். "வேட்டை விலங்கு"க்காரர்கள்தான் சிக்கல், ஏனென்றால் அது தப்பு மாதிரியே தெரியாது.

வேட்டை நாய், வேட்டைத் துப்பாக்கி, வேட்டைக் கத்தி என்று சொல்லிப் பாருங்கள். எல்லாமே கொல்லுகிற பக்கம் நிற்பவை. அந்த வரிசையில் வேட்டை விலங்கு என்றால் சிறுத்தைதான் நினைவுக்கு வரும். காட்டுயிர்ப் படங்களின் தமிழ்க் குரலும் புலியைத்தானே அப்படிச் சொல்கிறது? கொன்றுண்ணி என்ற நல்ல சொல் இருக்கும்போது அது ஏன் என்பது வேறு கதை. "வேட்டைக்கறி என்கிறோமே, அது கொல்லப்பட்டதுதானே" என்று ஒரு நண்பர் மடக்கினார். சரிதான். ஆனால் கறி எழுந்து போய் வேட்டையாடாது, குழப்பத்துக்கு இடமில்லை. விலங்கு இரண்டு பக்கமும் நிற்கும்.

"வேட்டை ஓவியம்" என்று சுருக்கினால் இன்னும் மோசம். இதே டெலக்ருவா 1855 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு 'சிங்க வேட்டை' தீட்டினார். குதிரை, ஈட்டி, சிங்கம் என்று ஒரே அமளி. அதுதான் வேட்டை ஓவியம். இங்கே வேட்டை முடிந்து எல்லாம் அசைவில்லாமல் கிடக்கிறது.

சரி, என்ன சொல்லலாம்? உயிரோடு காட்டில் திரிவதை "வேட்டைக்குரிய விலங்கு" எனலாம், சட்டம் பேசும் இடங்களுக்குப் பொருந்தும். அடிபட்டு விழுந்த பிறகு அது "வேட்டையில் பட்டது". 'படு' என்பதற்குச் சாவு என்ற பொருள் நமக்குப் பழையது. தொறு (ஆநிரை) மீட்டுப் பட்டான் என்று நடுகல்லில் வெட்டி வைத்தவர்கள் நாம். "படுவிலங்கு" என்று ஒரே சொல்லாக்கப் பார்த்தேன், 'படு மோசம்' போலக் காதில் விழுந்ததால் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஒற்றைச் சொல்லாக அடைத்தே தீர வேண்டும் என்பது மொழிபெயர்ப்பாளர்களைப் பிடித்த நோய். இரண்டு சொல் எழுதினால் தமிழ் ஒன்றும் தேய்ந்துவிடாது.

இன்னொன்று. அந்தச் சிங்கி இறால்கள் காட்டில் சுடப்பட்டவை அல்ல. நல்ல சிவப்பாக இருக்கின்றன, அதாவது ஏற்கெனவே வெந்துவிட்டன. வெட்டவெளியில், துப்பாக்கிக்குப் பக்கத்தில் அவை எப்படி வந்தன என்பதை ஓவியரைத்தான் கேட்க வேண்டும். அவற்றுக்கு வேட்டையில் பங்கில்லை என்பதால் பெயரில் தனியாகவே நிற்கட்டும். லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்துக்கு நான் எழுதும் தமிழ்ப் பெயர்: "வேட்டையில் பட்டவையும் சிங்கி இறால்களும்."