லினெசோலிட் எத்தனை மில்லிகிராம்? மருந்துக்கு மசியாத காசநோயை ஆறு மாதத்தில் தீர்க்கும் கணக்கு

காசநோய்க்கு முதலில் கொடுக்கும் முக்கிய மருந்துகளான ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டுக்கும் மசியாத காசநோய்க்கு எம்.டி.ஆர். காசநோய் என்று பெயர். பத்தாண்டுகளுக்கு முன்புவரை அதற்கான சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு இழுக்கும். அதில் முதல் ஆறு முதல் எட்டு மாதம் கனாமைசின் அல்லது அமிக்காசின் ஊசி. இந்த ஊசி உள்காதில் இருக்கும் மயிர்ச்செல்களை அழிக்கும். அழிந்தவை திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சென்ற உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். பேச்சு அப்போதும் கேட்பதால் நோயாளிக்கு எதுவும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது புரியவில்லை என்று அவர் சொல்லும்போது காரியம் கைமீறியிருக்கும். அதனால்தான் மாதந்தோறும் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. அதற்கான கருவி எத்தனை ஊர்களில் இருந்தது என்பது வேறு கதை.

இப்போது ஊசி இல்லை. பெடாக்குலின், பிரெட்டோமனிட், லினெசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்று நான்கு மாத்திரைகள், ஆறு மாதம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இதைப் பரிந்துரைத்தது. இந்தியாவில் தேசியத் திட்டத்தில் சேர்க்க மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது. நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து மருத்துவர்கள் இதை பிபால்எம் என்கிறார்கள். புது மருந்து கிடைத்தது, நோய் தீர்ந்தது என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். உண்மையில் கடந்த பத்தாண்டு ஆராய்ச்சியில் கணிசமான பங்கு ஒரு பழைய மருந்தைச் சுற்றியே நடந்தது. லினெசோலிட்டை எவ்வளவு கொடுத்தால் கிருமி சாகும், எவ்வளவு வரை உடம்பு தாங்கும் என்பதுதான் கேள்வி.

முதலில், ஏன் நான்கு? ஒன்று போதாதா? காசநோய் கிருமி மருந்துக்குப் பழகிப்போய் எதிர்ப்பைக் கற்றுக்கொள்வதில்லை. பிரியும்போது ஏற்படும் எழுத்துப்பிழைகளில் ஒன்று தற்செயலாக எதிர்ப்புத்திறனைத் தந்துவிடுகிறது. ஐசோனியசிட்டுக்கு இது ஏறத்தாழ பத்து லட்சம் கிருமிகளில் ஒன்றுக்கு நேரும். ரிஃபாம்பிசினுக்குப் பத்துக் கோடியில் ஒன்றுக்கு. நுரையீரலில் விழுந்த ஒரு குழிக்குள் பத்துக் கோடிக் கிருமிகள் இருப்பது சாதாரணம். ஆக, நோயாளி முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே ஐசோனியசிட்டுக்கு மசியாத நூறு கிருமிகள் அங்கே காத்திருக்கின்றன. அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை செத்து, இந்த நூறும் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் ஒருசேர மசியாத கிருமி நூறு லட்சம் கோடியில் ஒன்று. ஒரு மனித நுரையீரலில் அவ்வளவு கிருமி இருக்காது. கூட்டுமருந்தின் அடிப்படையே இந்தப் பெருக்கல்தான்.

மாதக்கணக்கு நீள்வதற்குக் காரணம் வேறு. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். அழுகிய திசு பாலாடைக் கட்டிபோல் இறுகிக் கிடக்கும் இடங்களில், ஆக்ஸிஜன் கிடைக்காமல், அது பிரிவதையே நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். சுவர் கட்டும் வேலையைத் தடுக்கும் மருந்து, சுவர் கட்டாத கிருமியை ஒன்றும் செய்யாது. முதல் இரண்டு மாதத்தில் இருமல் நின்று, காய்ச்சல் விட்டு, எடை கூடிவிடும். மீதி மாதங்கள் எல்லாம் இந்தத் தூங்குமூஞ்சிகளுக்காக.

பெடாக்குலினின் மதிப்பு இங்கேதான். ஜான்சென் நிறுவன ஆய்வகத்தில் கண்டறியப்பட்டு 2005-இல் அறிவிக்கப்பட்டது. 2012 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்றது. கிருமியின் சவ்வில் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கும் நொதி ஒன்று, ஒரு வளையம் சுழல்வதால் இயங்குகிறது. பெடாக்குலின் அந்த வளையத்தில் ஒட்டிக்கொண்டு சுழற்சியை நிறுத்துகிறது. தூங்கும் கிருமிக்கும் உயிரோடிருக்கக் கொஞ்சம் ஏ.டி.பி. வேண்டுமே. மனிதச் செல்லிலும் இதே வகை நொதி உண்டு, ஆனால் அதன் வடிவம் வேறு என்பதால் மருந்து அதில் சரியாக ஒட்டுவதில்லை. முதல் சில நாட்களில் சளியில் கிருமி எண்ணிக்கை அதிகம் குறையாது. பிறகுதான் சரிவு வேகமெடுக்கும்.

பிரெட்டோமனிட் உள்ளே போகும்போது செயலற்ற பொருள். கிருமியின் சொந்த நொதி ஒன்றுதான் அதை விஷமாக்குகிறது. ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் அது கிருமியின் மெழுகுச் சுவரைக் கட்டவிடாது. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டு மூச்சை அடைக்கும். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதைக் கொண்டுவந்தது டி.பி. அலையன்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு.

இனி லினெசோலிட். கிருமி புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் உட்கார்ந்து வேலையைத் தடுக்கும் மருந்து இது. நம் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலும் தனி ரைபோசோம் உண்டு. மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாவின் வழிவந்தது. அதன் ரைபோசோமும் பாக்டீரியாவின் சாயலில் இருக்கும். லினெசோலிட்டுக்கு இரண்டையும் முழுதாகப் பிரித்தறியத் தெரியாது. சாதாரணத் தொற்றுகளுக்கு இரண்டு வாரம், அதிகம் போனால் நான்கு வாரம் கொடுக்கும் மருந்து என்பதால் பெரிய தொல்லை வராது. ஆறு மாதம் கொடுத்தால், ஆற்றல் அதிகம் தேவைப்படும் செல்கள் முதலில் அடிவாங்கும்: எலும்பு மஜ்ஜை, கால்களுக்கு ஓடும் நீண்ட நரம்புகள், பார்வை நரம்பு.

தென்னாப்பிரிக்காவில் நடந்த நிக்ஸ்-டிபி ஆய்வு இதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. கடும் எதிர்ப்புத்திறன் கொண்ட காசநோயாளிகள் 109 பேருக்கு பெடாக்குலின், பிரெட்டோமனிட், தினம் 1200 மில்லிகிராம் லினெசோலிட் கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது 98 பேருக்கு நல்ல பலன். முன்பு பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்த நோய் இது. ஆனால் 81 சதவீதம் பேருக்குக் கால் நரம்பு பாதிப்பு. 48 சதவீதம் பேருக்கு மஜ்ஜை ஒடுக்கம், அதாவது எலும்பு மஜ்ஜையில் இரத்தச் செல் உற்பத்தி குறைவது. சொன்ன அளவை இடைநிறுத்தாமல் முடித்தவர்கள் சொற்பம். இன்னொரு குறை: ஒப்பிடுவதற்கு மறுபிரிவே இல்லை. ஒற்றைப் பிரிவு ஆய்வை வைத்து ஒரு மருந்துக்கு அனுமதி கொடுத்தது சரியா என்று அப்போது எழுந்த கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். இவ்வளவு கொடிய நோய்க்கு வேறு பிரிவில் யாரைச் சேர்ப்பது என்ற பதிலும் நியாயமானதே.

அடுத்து வந்த செனிக்ஸ் ஆய்வு நேராக அளவைக் குறிவைத்தது. தென்னாப்பிரிக்கா, ஜார்ஜியா, மால்டோவா, ரஷ்யா நாடுகளில் 181 பேர், நான்கு பிரிவு. லினெசோலிட் 1200 அல்லது 600 மில்லிகிராம். 26 வாரம் அல்லது 9 வாரம். 1200-ஐ 26 வாரம் கொடுத்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு வெற்றி, 38 சதவீதம் பேருக்கு நரம்பு பாதிப்பு. 600-ஐ 26 வாரம் கொடுத்தால் வெற்றி 91, நரம்பு பாதிப்பு 24. மஜ்ஜை ஒடுக்கமோ 22-இலிருந்து 2 சதவீதமாக விழுந்தது. 600-ஐ 9 வாரத்தோடு நிறுத்தினால் நரம்பு பாதிப்பு 13-ஆகக் குறைகிறது, வெற்றியும் 84-ஆகிவிடுகிறது. அளவைப் பாதியாக்கலாம், ஆனால் சீக்கிரம் நிறுத்தக் கூடாது என்று படிக்கலாம். ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 45 பேர்தான் என்பதால் இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

மறுபிரிவு இல்லாத குறையைத் தீர்த்தது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய டிபி-பிராக்டிக்கல் ஆய்வு. உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்காவில் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, நான்கு மருந்துக் கூட்டையும் பழைய நீண்ட சிகிச்சையையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். லினெசோலிட் 16 வாரம் 600, பிறகு 8 வாரம் 300 மில்லிகிராம். வித்தியாசம் அத்தனை துலக்கமாக இருந்ததால் ஆட்கள் சேர்ப்பதை 2021-இலேயே நிறுத்திவிட்டார்கள். மோசமான முடிவு புதிய பிரிவில் 11 சதவீதம், பழையதில் 48. இந்த 48-ஐப் பார்த்து அத்தனை பேரும் இறந்தார்கள் என்று எண்ண வேண்டாம். பக்கவிளைவு தாங்காமல் சிகிச்சையை மாற்றியவர்களும் பாதியில் விட்டவர்களும் அதில் கணிசம். இரண்டு ஆண்டு மாத்திரை என்றால் அதுவும் சிகிச்சையின் தோல்விதான்.

சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதில் பங்குண்டு. 1956-இல் தொடங்கிய இந்த நிறுவனம், வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் படுத்திருந்தவர்கள் அளவுக்கே குணமாகிறார்கள் என்று 1959-இல் காட்டி, உலகமெங்கும் சானடோரியங்கள் மூடக் காரணமானது. லினெசோலிட் கேள்வியை இந்திய நோயாளிகளிடம் சோதித்ததும் இவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வுதான். சுமார் 400 பேரில் ஒரு பிரிவுக்கு 26 வாரமும் 600. இன்னொன்றுக்கு 9 வாரம் கழித்து 300. மூன்றாவதுக்கு 13 வாரம் கழித்து 300. குணமானோர் விகிதத்தில் மூன்றுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. எடை குறைந்து, இரத்தசோகையோடு வரும் நோயாளிகள் அதிகமுள்ள நாட்டில் இந்தப் பாதி மாத்திரை சின்ன விஷயமில்லை.

இனி நடைமுறை. சளியில் இருமடங்கு கரைசலைக் கலந்து 15 நிமிடம் வைத்து, 2 மில்லி எடுத்துக் குப்பியில் ஊற்றி, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவியில் போட்டால், காசநோய் உண்டா, ரிஃபாம்பிசினுக்கு மசியுமா என்று இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். எச்சிலைச் சளி என்று கொடுத்தால் பரிசோதனை வீண். நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளி வேண்டும். எதிர்ப்பு இருந்தால் மாக்சிஃப்ளாக்சசின் வகை மருந்துக்கு மசியுமா என்று அடுத்த பரிசோதனை. மசியாவிட்டால் அதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் தொடர்வார்கள். தேவைப்பட்டால் ஒன்பது மாதம்வரை நீட்டுவார்கள். 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மூளை அல்லது எலும்புக் காசநோய் உள்ளவர்களுக்கும் இந்தக் கூட்டு கிடையாது. அவர்களுக்கு வேறு முறை.

பெடாக்குலின் முதல் இரண்டு வாரம் தினம் 400 மில்லிகிராம், பிறகு வாரத்தில் மூன்று நாள் 200. பிரெட்டோமனிட் தினம் 200, மாக்சிஃப்ளாக்சசின் 400, லினெசோலிட் 600. இருபத்து நான்கு வாரத்துக்குக் கூட்டினால் 700 மாத்திரைக்குச் சற்றுக் குறைவு. பெடாக்குலினை வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் ஏறுவது ஏறத்தாழ பாதிதான். சாப்பாட்டோடு போட வேண்டும்.

தவறு நேர்வது பெரும்பாலும் கூடவே வரும் மாத்திரைகளால். லினெசோலிட்டால் ஹீமோகுளோபின் குறைகிறது, யாரோ இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். இரும்பு மாக்சிஃப்ளாக்சசினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் வகையும் அப்படியே. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பல மணி நேர இடைவெளி வேண்டும். வாந்திக்கு ஒண்டான்செட்ரான், இருமலுக்கு அசித்ரோமைசின் என்று மருந்துக்கடையில் வாங்கினால் ஆபத்து இன்னும் பெரிது. பெடாக்குலின், மாக்சிஃப்ளாக்சசின் இரண்டும் இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்க எடுக்கும் நேரத்தை, நீட்டுபவை; கடையில் வாங்கிய இரண்டும் அதையே செய்பவை. வாந்தியால் பொட்டாசியமும் இறங்கியிருந்தால் இதயத் துடிப்பு தடுமாறலாம். க்யூ.டி. 500 மில்லிவினாடியைத் தாண்டினால் மருந்தை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பாத எரிச்சலுக்கு வைட்டமின் பி6 கொடுப்பது வழக்கம். ஐசோனியசிட் தரும் எரிச்சல் பி6 குறைவால் வருவது, அதற்கு அது கேட்கும். லினெசோலிட் எரிச்சலின் வேர் மைட்டோகாண்ட்ரியாவில். அளவைக் குறைப்பதுதான் வைத்தியம். மஜ்ஜை பாதிப்பு முதல் வாரங்களில் தலைகாட்டும், மருந்தை நிறுத்தினால் சரியாகும். நரம்பு பாதிப்பு இரண்டாம் மாதத்துக்குப் பிறகு மெல்ல ஏறும், மெல்லத்தான் இறங்கும். நிற எண்கள் ஒளிந்திருக்கும் அட்டையைக் காட்டி மாதந்தோறும் பார்வையைச் சோதிப்பதை விட்டுவிடக் கூடாது. பார்வை நரம்பு கெடும்போது நிறங்கள் முதலில் மங்கும். லினெசோலிட்டை நிறுத்த நேர்ந்தால், ஒன்பது வாரம் முடிந்திருந்தால் மற்றவற்றைத் தொடரலாம். பெடாக்குலினோ பிரெட்டோமனிட்டோ நிரந்தரமாக நின்றால் கூட்டையே கைவிட வேண்டும்.

பாதியில் விட்டுவிடும் நோயாளி விஷயத்தில் பெடாக்குலினுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. திசுக்களில் ஊறியிருக்கும் இந்த மருந்து உடலிலிருந்து பாதியாகக் குறையவே ஐந்தரை மாதம் ஆகிறது. எல்லா மாத்திரைகளையும் ஒரே நாளில் நிறுத்தினால் மற்ற மூன்றும் சில நாட்களில் வெளியேறிவிடும். பெடாக்குலின் மட்டும் கிருமியைக் கொல்லப் போதாத அளவில் மாதக்கணக்கில் தனியாக நிற்கும். முன்னே சொன்ன பெருக்கல் அப்போது குலைந்துபோகிறது. கிருமி மருந்தை வெளியே தள்ளும் பம்பைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் பிழை விழுந்தால் போதும், பெடாக்குலினோடு கிளோஃபாசிமின் என்ற மருந்தும் வலுவிழக்கும். அந்தப் பிழை மரபணுவின் ஓரிடத்தில் விழுவதில்லை, எங்கும் விழலாம். ரிஃபாம்பிசினுக்குச் செய்வதுபோல் ஒரு சிறு துண்டை மட்டும் பார்த்து விரைவுச் சோதனை செய்ய இதனால்தான் முடியவில்லை. முழு மரபணு வரிசையைப் படிக்க வேண்டும், அல்லது கல்ச்சரில் கிருமியை வளர்த்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதனால் மாதந்தோறும் சளிக் கல்ச்சர் எடுப்பதைச் சடங்காக நினைக்கக் கூடாது. நான்காம் மாதமும் கிருமி வளர்ந்தால், ஆறாம் மாதம்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே மாதிரியை எதிர்ப்புத்திறன் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.