பனிச் சிலந்தியும் குளியலறைச் சிலந்தியும்

கனடாவில் இருக்கும் நண்பர் ஒருவர், பக்கத்து வீட்டு வாசலில் யாரோ பனியில் செதுக்கியிருந்த பெரிய சிலந்தியைப் படமெடுத்து எங்கள் சிலந்தி ஆர்வலர் குழுவுக்கு அனுப்பினார். சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பனியைப் பார்ப்பதே சந்தோஷம். அதுவும் சிலந்தி வடிவில் என்றால் கேட்கவா வேண்டும்? அன்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரே கும்மாளம்.

முதலில் கால்களை எண்ணினார்கள். எட்டு, சரி. ஆனால் பின்னங்கால்கள் நான்கும் வயிற்றிலிருந்து முளைத்திருந்தன! நிஜச் சிலந்திக்கு எட்டுக் கால்களும் முன்பகுதியான தலைமார்பில்தான் இருக்கும். வயிற்றில் ஒன்றுகூடக் கிடையாது. படம் வரைபவர்களும் இங்கேதான் தடுமாறுவார்கள். வாயருகே இருந்த இரண்டு குட்டைக் கைகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாதிரிப் புடைத்திருந்தது. வளர்ந்த ஆண் சிலந்திக்குத்தான் அப்படி இருக்கும். உடனே ஒருவர் "மாப்பிள்ளை வந்தாச்சு" என்று எழுதிவிட்டார்.

"காலை விரித்து நிற்கிறதே, அப்போ உயிரோடுதான் இருக்கிறது" என்றார் இன்னொருவர். விளையாட்டாகச் சொன்னாலும் அது முழு உண்மை. சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு. முக்கிய மூட்டுகளை நீட்டத் தசை இல்லை. உடல்திரவத்தை அழுத்தத்துடன் காலுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. செத்ததும் அழுத்தம் போய்விடும், கால்கள் உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும்.

பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் எனக்கு இது அடிக்கடி கைகொடுக்கிறது. "அலமாரிக்குப் பின்னால் பெரிய சிலந்தி, அசையவே மாட்டேங்குது" என்று பதறி அழைப்பார்கள். போய்ப் பார்த்தால் கால்கள் சுருளவில்லை. தலைமார்பின் மேல்மூடி மட்டும் திறந்து கிடக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. வளரும் சிலந்தி உரித்துப்போட்ட தோல் அது. துடைப்பத்தால் தள்ளிவிட்டால் போதும், மருந்து எதற்கு?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் அதிகம் பயமுறுத்துவது ஹன்ட்ஸ்மன் சிலந்தி. கால்களை விரித்தால் உள்ளங்கையை மூடும் அளவு, தட்டையான உடல், மின்னல் வேகம். அது வலை பின்னி இரைக்குக் காத்திருப்பதில்லை. இரவில் நடமாடிக் கரப்பான்பூச்சியைப் பிடித்துத் தின்னும். "தம்பி, முதல்ல மருந்து அடிச்சிடுங்க" என்பார்கள். "அடிக்கலாம் அக்கா, ஆனா அது தேடி வந்த கரப்பான் இங்கதானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, தொட்டிக்கடியிலும் கழிவுநீர்க் குழாயைச் சுற்றியும் டார்ச் அடித்துக் காட்டுவேன். பெரும்பாலும் வேலை அங்கேதான் இருக்கும். சிலந்திக்கென்று வீடு முழுக்க மருந்தடிப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து. குழந்தைகள் தவழும் வீட்டில் அதை நான் செய்யவே மாட்டேன்.

ஹன்ட்ஸ்மனை அழுத்திப் பிடித்தால் கடிக்கும். வலியும் வீக்கமும் வரும். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். மூச்சுத்திணறலோ உடல் முழுக்கத் தடிப்போ வந்தால் உடனே 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸை வரவழையுங்கள்.

வெளியேற்ற வேண்டுமானால் அகலமான பிளாஸ்டிக் டப்பாவை மெதுவாக மேலே கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையை நுழைத்து, கீழே செடிப் பக்கமாக விடுங்கள். அதற்குமுன் வயிற்றுக்கடியைக் கவனியுங்கள். தட்டையான வெளிர்நிற வட்டம் ஒன்றைக் கட்டிப்பிடித்திருந்தால் அது பெண், அந்த வட்டம் முட்டைப்பை. செருப்பால் அடித்துப் பை கிழிந்தால், பொரிந்த குஞ்சுகள் உள்ளே இருக்கும் பட்சத்தில் அறையெங்கும் சிதறி ஓடும். டப்பாவோடு தாயையும் பையையும் சேர்த்தே கீழே கொண்டுபோய்விடலாம்.